கிணைமகளின் அடுப்பு: மார்க்சிய வாசிப்பு குறித்துச் சில குறிப்புகள்

1

1953 நவம்பரில் அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் பெரிய பிளாஸ்கெட் தீவிலிருந்து, எஞ்சியிருந்த கொஞ்சப் பேரை அரசாங்கம் கரைக்குக் கொண்டுவந்து குடியமர்த்தியது. இருநூறு பேரைக்கூட எட்டாத மீனவர் குடியிருப்பு அது. இளைஞர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட, படகு வலிக்க ஆளில்லாமல் தீவு செத்துப்போனது. அவர்கள் பேசியது ஐரிஷ். அந்த மொழியில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. இந்தத் தீவுக்கும் நம்முடைய பத்துப்பாட்டுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது, நேரான சம்பந்தமே இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் இந்த விஷயத்தை இப்போது எடுப்பதற்கான காரணத்தைச் சொல்லிவிட வேண்டும்.

1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கலைந்ததிலிருந்து மார்க்சியம் செத்துப்போச்சு என்கிற இரங்கல் செய்தி நம்மூரில் ஓயவே இல்லை. வலதுசாரிகள் சொல்வதை விடுங்கள். ஒரு காலத்தில் கட்சி அட்டை வைத்திருந்த நண்பர்களே 'பெருங்கதையாடல்கள் முடிந்துவிட்டன' என்று ஒரே வரியில் கணக்கை முடித்துக்கொள்கிறார்கள். இன்னொரு பக்கம், சுவரில் மாட்டியிருக்கும் தலைவர் படங்களுக்கு வருஷா வருஷம் மாலை போடுவதே மார்க்சியம் இன்றைக்கும் பொருந்தும் என்பதற்குப் போதுமான நிரூபணம் என்று நம்புகிற தோழர்கள். இரண்டு தரப்புக்கும் மார்க்சியம் என்றால் அரசுகளின் கதைதான். கலாச்சாரத்துக்குள் அது எந்தக் கேள்வியைக் கொண்டுவந்தது, அந்தக் கேள்வியைத் தள்ளிவிட்டு இன்று நம்மால் எதையாவது ஒழுங்காக வாசிக்க முடியுமா என்று பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. தமிழில் அந்தக் கேள்விக்கு ஒரு தெளிவான வரலாறு உண்டு. அது பிளாஸ்கெட் தீவில் தொடங்குகிறது.

2

ஜார்ஜ் தாம்சன் (1903-1987) லண்டனில் பிறந்து கேம்பிரிட்ஜில் கிரேக்கம் படித்தவர். 1923இல், இருபது வயசில், ஐரிஷ் மொழி கற்றுக்கொள்ள அந்தத் தீவுக்குப் போனார். போனவர் திரும்பத் திரும்பப் போனார். தீவைச் சேர்ந்த மாரிஸ் ஓ சலிவன் என்ற இளைஞரைத் தன் வாழ்க்கையை எழுதும்படி தூண்டினார். 1933இல் அந்தப் புத்தகம் வந்தது. தாம்சனும் சேர்ந்து செய்த ஆங்கில மொழிபெயர்ப்பும் உடனே வந்தது. அதே தீவின் பெரும் கதைசொல்லியான பெக் சேயர்ஸ் தன் வாழ்க்கையைத் தன் கையால் எழுதவில்லை. அந்த அம்மாள் சொல்லச் சொல்ல மகன் எழுதினார். தாம்சன் கொஞ்ச காலம் கால்வேயில் ஐரிஷ் மொழிவழியாகக் கிரேக்கம் கற்பித்தார். பிறகு பர்மிங்காமில் கிரேக்கப் பேராசிரியரானார். 1936இல் பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். கட்சிக்குள்ளேயும் தலையாட்டிக்கொண்டு இருக்கவில்லை. 1951இல் கட்சி கொண்டுவந்த புதிய வேலைத்திட்டத்தை எதிர்த்தார்.

1945இல் வந்த 'மார்க்சியமும் கவிதையும்' என்ற அவருடைய சின்னப் புத்தகத்தில் ஒரு கிணற்றடி வருகிறது. கணவனை இழந்த, பிள்ளைகள் எல்லாம் அமெரிக்கா போய்விட்ட ஒரு கிழவி, வாளியில் தண்ணீர் நிரப்பிவிட்டுக் கடலைப் பார்த்து நிற்கிறாள். தாம்சனிடம் பேச ஆரம்பிக்கிறாள். துக்கம் ஏற ஏறப் பேச்சுக்கு ஒரு சந்தம் வந்துவிடுகிறது. அவள் கவிஞர் இல்லை, எதையும் முன்கூட்டித் தயாரிக்கவும் இல்லை. ஆனாலும் அது கவிதைதான் என்கிறார் தாம்சன். நாம் பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் கெட்டியாகப் போட்டு வைத்திருக்கும் கோடு அந்த ஊரில் கிடையாது. அங்கேயிருந்து அவர் ஹோமருக்குத் திரும்பினார். பண்டிதர்கள் செயற்கையான கவிதை நடை என்று வகைப்படுத்திய மொழி, உழைக்கிற ஜனங்களின் பேச்சை வைத்துப் பாடகர்கள் தலைமுறை தலைமுறையாகத் தீட்டி எடுத்தது என்று அவருக்குப் பட்டது.

அடுத்த அடி, உழைப்பு. கார்ல் பியூஷர் என்ற ஜெர்மன் பொருளியலாளர் 1896இலேயே வேலைக்கும் தாளத்துக்கும் உள்ள உறவு பற்றி எழுதியிருந்தார். தாம்சன் அதை மேலே கொண்டுபோனார். துடுப்பு வலிக்கிறவர்களின் இழுப்பும் விடுப்பும் பாட்டின் அசையாகிறது. நமக்கு இது புதுசில்லை. ஏற்றப்பாட்டு கேட்டவர்களுக்குத் தெரியும், சால் எண்ணிக்கைதான் அந்தப் பாட்டின் எலும்பு. பம்புசெட் வந்தது, ஏற்றம் போச்சு, பாட்டும் போச்சு. எல்லாத் தாளத்துக்கும் உழைப்பே பிறப்பிடம் என்று தாம்சன் இழுப்பது கொஞ்சம் அதிகப்படிதான். ஒப்பாரியை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பதில் முழுசாகச் சரியில்லாவிட்டாலும் கேள்வி நிற்கிறது: பாடியது யார்? பாடும்போது அந்தக் கை என்ன செய்துகொண்டிருந்தது? பாடி முடித்ததும் அந்த வயிற்றுக்கு என்ன கிடைத்தது?

3

இந்தக் கேள்வியோடு இருந்த தாம்சனிடம் 1960களில் இலங்கையிலிருந்து இரண்டு தமிழர்கள் ஆய்வு செய்யப் போனார்கள். ஒருவர் க. கைலாசபதி (1933-1982), இன்னொருவர் கா. சிவத்தம்பி (1932-2011). கைலாசபதி அதற்கு முன்பே 'தினகரன்' ஆசிரியராக இருந்து ஈழத்து முற்போக்கு எழுத்தாளர்களுக்குப் பத்திரிகையில் இடம் பிடித்துத் தந்தவர். பர்மிங்காமில் அவர் செய்த ஆய்வு 1968இல் 'தமிழ் வீரநிலைக் கவிதை' என்று ஆங்கிலத்தில் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்தது. சாட்விக் எழுதிய வீரயுகம் பற்றிய ஆய்வும், மில்மன் பாரி 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவியாவில் பாடகர்களிடம் செய்த ஒலிப்பதிவுகளும், அவருடைய மாணவர் ஆல்பர்ட் லார்டு 1960இல் எழுதிய நூலும் கைலாசபதியின் கருவிகள். இவர்கள் யாரும் மார்க்சியர்கள் இல்லை. வாய்மொழிக் கவிதையின் தொழில்நுட்பத்தை அவர்கள் தந்தார்கள். அந்தத் தொழில்நுட்பத்தை வைத்திருந்த மனிதர்கள் சமூகத்தில் எங்கே நின்றார்கள் என்ற கேள்வி தாம்சன் வழியாக வந்தது.

இதன் முக்கியத்துவம் தெரிய வேண்டுமென்றால் நம் வகுப்பறைகளில் சங்க இலக்கியம் என்னவாக இருந்தது என்று பார்க்க வேண்டும். நான் எம்.ஏ. தமிழ் படித்தபோது திணை என்பது ஓர் அட்டவணை. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள். கருப்பொருள் கட்டத்தில் தெய்வம், உணவு, விலங்கு, பறை, தொழில் என்று வரிசையாக எழுத வேண்டும். ஒன்று விட்டால் மதிப்பெண் குறையும். பறை அந்தக் கட்டத்தில் ஒரு சொல்லாக இருந்தது, அவ்வளவுதான். அதை அடித்த ஆள் எவன், அவன் வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அது இலக்கியக் கேள்வி இல்லை என்று உட்கார வைத்திருப்பார்கள்.

ஆனால் பிரதிக்குள்ளேயே அது இருக்கிறது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். முருகாற்றுப்படையை விட்டுவிட்டால் மற்ற நான்கும் பசித்த கலைஞர்களுக்குச் சோறு போடும் வாசல் எது என்று வழி சொல்பவை. சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் ஓர் அடுக்களையைக் காட்டுகிறார். கண் திறக்காத குட்டிகள் மொய்க்க, பால் வற்றிய தாய் நாய் குரைக்கிறது. சுவர் இடிந்து கிடக்கிறது. காளான் பூத்திருக்கிறது. கிணைப்பறை கொட்டும் குடும்பத்துப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பார்க்கிறவர்கள் கேவலமாக நினைப்பார்களே என்று கதவை அடைத்துவிட்டு, சுற்றத்தோடு உட்கார்ந்து அதைச் சாப்பிடுகிறாள். உப்பு வாங்க வக்கில்லாத வீடு. ஆனால் கதவை அடைக்கிற மானம் இருக்கிற வீடு.

பொற்காலம் பேசியவர்கள் இந்தப் பாட்டைப் படிக்காதவர்கள் இல்லை. நன்றாகவே படித்தார்கள். படித்துவிட்டு நல்லியக்கோடனின் கொடைத்திறத்தை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டு வந்தார்கள். பாணரும் பொருநரும் விறலியரும் கூத்தரும் ஒரு சமூகப் பிரிவு, பாட்டு அவர்களுடைய பிழைப்பு, திரும்பத் திரும்ப வரும் அடைமொழிகளும் சொற்கட்டுகளும் அந்தப் பிழைப்பின் கருவிகள் என்று கைலாசபதி காட்டியபோது வள்ளல் கொஞ்சம் பின்னுக்குப் போனான், கிணைமகள் முன்னால் வந்தாள். நான் மார்க்சிய வாசிப்பு என்று சொல்வது இந்த இடமாற்றத்தைத்தான்.

4

கைலாசபதியின் முடிவுகள் கேள்விக்கு உள்ளாயின. ஜார்ஜ் ஹார்ட் 1975இல் எழுதிய நூலில், நமக்குக் கிடைத்திருப்பவை பாணர்களின் வாய்மொழிப் பாட்டுகளே அல்ல, அவற்றை மாதிரியாக வைத்து எழுத்தறிந்த புலவர்கள் செய்தவை என்று வாதிட்டார். ஹெர்மன் டீக்கன் 2001இல் இன்னும் ஒரு படி மேலே போய், இவை 8, 9ஆம் நூற்றாண்டுப் பாண்டிய அரசவையில் உண்டான காவிய இலக்கியம் என்றார். டீக்கனின் காலக்கணிப்பைப் பலரும் ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. ஆனால் ஒரு பேச்சுக்கு அவர் சொல்வது சரி என்றே வைத்துக்கொள்வோம். அப்போது நம் கேள்வி செத்துவிடுமா? 9ஆம் நூற்றாண்டு அரசவை ஒன்றுக்கு, உப்பில்லாமல் கீரை வேகவைக்கும் பறைக்காரப் பெண்ணின் உருவம் எதற்குத் தேவைப்பட்டது என்று அது வேறு வடிவத்தில் எழுந்து நிற்கும். வரலாற்று முடிவுகள் மாறும், மாறத்தான் வேண்டும். கேள்வி அவற்றைவிட நீண்ட ஆயுள் உள்ளது.

முடிவுகளையே மார்க்சியம் என்று நினைத்தவர்கள்தான் அதைக் கெடுத்தார்கள். புராதனப் பொதுவுடைமை, அடிமைச் சமூகம், நிலப்பிரபுத்துவம், முதலாளித்துவம் என்று ஐந்தாறு படிக்கட்டுகளைக் கட்டி வைத்துக்கொண்டு, தமிழ் வரலாற்றை எந்தப் படியில் உட்கார வைக்கலாம் என்று அலைந்த கட்டுரைகள் எவ்வளவு! சிவத்தம்பி இங்கே தனித்து நிற்கிறார். திணை பற்றி 1974இல் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையில் அவர் குறிஞ்சியையும் முல்லையையும் மருதத்தையும் அடுத்தடுத்த படிகளாக அடுக்கவில்லை. வேட்டையும் மேய்ச்சலும் நெல் விவசாயமும் ஒரே காலத்தில் பக்கத்துப் பக்கத்து நிலங்களில் சமச்சீரில்லாமல் வளர்ந்தன, அந்தச் சமமின்மைதான் திணைக்குள் இருக்கிறது என்றார். என் வகுப்பறை அட்டவணை அவர் கையில் ஒரு நிலப்பரப்பாக மாறியது. மேய்ச்சல்காரனின் மாட்டை மறவன் கவர்வதும் மருத நிலத்து வேந்தன் குறிஞ்சித் தலைவனை அழிப்பதும் அந்தப் பரப்பில் நடக்கிற சம்பவங்கள்.

5

இப்போது கஷ்டமான இடம். கிணைமகளின் அடுப்பைக் காட்டிய வாசிப்பு, அவளுடைய பேத்திகளுக்கு என்ன ஆச்சு என்று கேட்டதா?

புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்ற நான்கையும் சொல்லி, இவை தவிர வேறு குடி இல்லை என்கிறார். நடுகல் தவிர வேறு தெய்வமும் இல்லை என்கிறார். சில நூற்றாண்டுகள் கழித்து, பக்தி இயக்கத்தின் கதைகளில் அதே பாணன் கோயிலுக்கு வெளியே நிற்கிறான். திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரைக் கோயில் வாசலில் நின்று யாழ் வாசிக்கிறார். கடவுள் கனவில் வந்து சொன்ன பிறகுதான் உள்ளே விடுகிறார்கள். திருப்பாணாழ்வார் திருவரங்கத்து மண்ணில் கால் வைக்காதவர். ஒரு முனிவர் தோளில் தூக்கிக்கொண்டுதான் உள்ளே போக முடிந்தது. குடி என்று எண்ணப்பட்டவன் எப்படித் தீண்டத்தகாதவன் ஆனான்? நடுவில் என்ன நடந்தது?

1966இல் வந்த 'பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்' நூலில் இருக்கும் 'நாடும் நாயன்மாரும்' கட்டுரையில் கைலாசபதி பக்தி இயக்கத்தை நிலவுடைமையாளருக்கும் வணிகருக்கும் நடந்த மோதலாகப் படிக்கிறார். அன்றைக்கு அது பெரிய திறப்பு. ஆனால் அந்த இரண்டு தரப்புக்கும் வெளியே வாசலில் யாழோடு நின்றவன் அந்தக் கட்டுரையின் மையம் இல்லை. உடைமை வைத்திருந்த இரண்டு வர்க்கங்கள் மோதிக்கொண்டதைச் சொன்னால் போதாது. பிரமதேயமும் கோயில் நிலமும் பெருகின காலத்தில் வயலில் இறங்கியவர்கள் யார், அவர்களை அந்த வயலோடு கட்டிப்போட எந்தக் கயிறு பயன்பட்டது என்று கேட்க வேண்டும். அந்தக் கயிற்றின் பெயர் சாதி. அது வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே ஒருவருக்குக் கீழ் ஒருவராகப் பிரித்தது என்பதை அம்பேத்கர் 1936இலேயே சொல்லிவிட்டார்.

ஈழத்து இடதுசாரிகள் சாதியைக் கண்டுகொள்ளவே இல்லை என்று ஒரு பேச்சு உண்டு. அது பொய். 1966 அக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலம் கிளம்பியது கம்யூனிஸ்டுகளின் தலைமையில்தான். தேநீர்க் கடைகளும் கோயில்களும் திறக்க வேண்டும் என்று அடிபட்டவர்கள் அவர்கள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் நடந்த போராட்டம் அதன் தொடர்ச்சி. கே. டானியலின் 'பஞ்சமர்' அந்த அனுபவத்திலிருந்து வந்தது. அதே 1968இல்தான் ஆக்ஸ்போர்டில் கைலாசபதியின் நூல் வருகிறது. அதே வருஷம் டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்படுகிறார்கள். செங்கொடி கட்டிக் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயக் கூலிகளின் குடும்பங்கள்.

வெண்மணி கூலிப் போராட்டமா, சாதிக் கொலையா என்று நாம் இன்னமும் அடித்துக்கொள்கிறோம். கூலி என்று சொல்பவர் சாதியை மறைக்கிறார், சாதி என்று சொல்பவர் வர்க்க ஒற்றுமையைக் குலைக்கிறார் என்று இரண்டு பக்கமும் வசை. கூலி கேட்டவர்கள் சேரியில் இருந்தார்கள் என்பதால்தான் கதவைச் சாத்திக் கொளுத்த முடிந்தது. சேரியில் இருந்தவர்கள் கூலி கேட்டார்கள் என்பதால்தான் கொளுத்தினார்கள். இதில் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை விளக்க முடியாது. உழைப்பைக் கேட்கிற சிந்தனை இந்த நாட்டில் சாதியைக் கேட்காமல் பாதியில் நின்றால், அது தன் சொந்தக் கேள்விக்கே துரோகம் செய்கிறது. அம்பேத்கரைப் படிப்பதால் மார்க்சியம் நீர்த்துப்போகும் என்று பயப்படுகிற தோழர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

6

இதைக் கேட்டவர் ஒருவர் தமிழகத்திலேயே இருந்தார். நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை (1917-1980). எந்தப் பல்கலைக்கழகத்தின் தயவும் இல்லாமல் நெல்லை ஆய்வுக் குழுவை நடத்தியவர். 1969இல் 'ஆராய்ச்சி' இதழைத் தொடங்கியவர். தோழர்களைக் கொண்டு ஊர் ஊராகப் பாட்டு சேகரித்து 1964இல் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' கொண்டுவந்தார். அவர் பதிப்பித்த கதைப்பாடல்களில் ஒன்று முத்துப்பட்டன் கதை.

பிராமண இளைஞன் முத்துப்பட்டன், சக்கிலியர் குலத்து வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறான். குடுமியை அறு, பூணூலைக் கழற்று, செருப்புத் தைத்துக் கொண்டுவா என்கிறார் பெண்களின் அப்பா. அப்படியே செய்கிறான். பிறகு மாடு கவர வந்தவர்களோடு நடந்த சண்டையில் சாகிறான். பெண்கள் தீயில் விழுகிறார்கள். பாபநாசம் மலையில் சொரிமுத்தய்யனார் கோயிலில் அவன் தெய்வம்; இன்றைக்கும் அங்கே காணிக்கை, தோல் செருப்பு.

இந்தக் கதைக்குள் ஒரு திருத்தம் நுழைந்திருக்கிறது. பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பிராமணக் குழந்தைகளாம். காட்டில் கிடந்ததை வாலப்பகடை எடுத்து வளர்த்தாராம். இது பின்னால் செருகியது, சாதி கலந்ததைப் பொறுக்க முடியாதவர்கள் செய்த வேலை என்று வானமாமலை எடுத்துக்காட்டினார். கருத்தியல் என்றால் என்ன என்று விளக்க நாம் பக்கம் பக்கமாக மேற்கோள் காட்டுகிறோம். இங்கே அது கையும் களவுமாகப் பிடிபடுகிறது. கதையைத் தடை செய்ய வேண்டாம், வில்லுப்பாட்டை நிறுத்த வேண்டாம், பிறப்பை மட்டும் மாற்றினால் போதும். பிரதி என்பது முடிவில்லாத விளையாட்டு என்று நம்மிடம் சொல்லும் நண்பர்கள், அந்த விளையாட்டில் எந்தக் கை எதை மாற்றியது என்று கேட்கிற அளவுக்காவது வானமாமலையைப் படிக்கலாம்.

7

கீழடிக்கு வருவோம். 2014-15இல் தொடங்கிய அகழாய்வு. ஒரு மாதிரியின் காலத்தைப் பொ.ஆ.மு. 580 என்று 2019இல் தமிழகத் தொல்லியல் துறை வெளியிட்டதும் ஊரே கொண்டாடியது. அதே இடத்தில் முதலில் தோண்டிய அமர்நாத் ராமகிருஷ்ணாவின் அறிக்கையைத் திருத்தித் தரச் சொல்லி 2025இல் மத்தியத் தொல்லியல் துறை கேட்டது, அவர் மறுத்தார். இந்தச் சண்டையில் நான் எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமில்லை. வரலாற்றை வேத காலத்துக்குள் அடைக்கப் பார்க்கிறவர்களுக்கு எதிராக அந்தக் குழிகள் பேசத்தான் வேண்டும்.

ஆனால் நாம் என்ன பேசுகிறோம்? எவ்வளவு பழசு என்பதைத் தவிர வேறெதுவும் நம் காதில் விழவில்லை. அங்கே செங்கல் கிடைத்தது. நூல் நூற்கும் தக்களி கிடைத்தது. ஆதன், குவிரன் என்று பேர் கீறிய பானை ஓடுகள் வெவ்வேறு கையெழுத்துகளில் கிடைத்தன. எழுத்து இவ்வளவு பரவலாக இருந்திருந்தால் வாய்மொழி பற்றிய கைலாசபதியின் முடிவை மறுபடி எடைபோட வேண்டியிருக்கும். அதைச் செய்யலாம். கூடவே, அந்தப் பேரைக் கீறியவன் பானை செய்தவனா, பானைக்குச் சொந்தக்காரனா என்றும் கேட்கலாம். தக்களியைச் சுழற்றிய கை யாருடையது, செங்கல் சூளையில் நின்றவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்றும் கேட்கலாம். இதெல்லாம் இல்லாமல் ஆண்டுக்கணக்கை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால், எதிராளியின் பெருமை அரசியலுக்குப் பதிலாக நம்முடைய பெருமை அரசியல் வரும். அதிலும் கிணைமகள் கதவடைத்துக்கொண்டு கீரைதான் தின்பாள்.

பறையும் இப்படித்தான். 1980களிலும் 90களிலும் பல ஊர்களில் தலித் இளைஞர்கள் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்றார்கள். அதற்காக அடி வாங்கினார்கள், வேலையிழந்தார்கள். அதே காலத்தில் தலித் கலை விழாக்களில் பறை விடுதலையின் இசையாக மேடையேறியது. இப்போது கல்லூரி விழாவிலும் கட்சி மாநாட்டிலும் கல்யாண மண்டபத்திலும் பறை ஒலிக்கிறது. தமிழரின் ஆதி இசை என்று பெருமையாக அறிவிக்கிறார்கள். ஒலிக்கட்டும். ஒரே தோல், ஒரே அடி. ஆனால் ஊர்க் கட்டளைக்கு அடித்த பறையும், மறுத்துக் கீழே வைத்த பறையும், விருப்பத்தோடு கையிலெடுத்த பறையும் ஒன்றாக முடியாது. அவற்றைப் பிரித்துக் காட்ட அழகியல் மட்டும் போதாது. யார் சொல்லி அடிக்கிறார்கள், என்ன கூலி, மாட்டேன் என்றால் என்ன நடக்கும் என்று கேட்டாக வேண்டும்.

மார்க்ஸ் பெயரைச் சொல்லாமலும் இந்தக் கேள்விகளைக் கேட்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. நம் ஊர்களில் இன்னும் பதிவு செய்யாத நடவுப் பாட்டுகளும் கதைப்பாடல்களும் கிடக்கின்றன. அவற்றைப் பாடத் தெரிந்த பெண்களுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. நடவுக்கு எந்திரம் வந்துவிட்டது. செல்பேசியில் பாட்டைப் பதிவு செய்கிறவர்கள் பாட்டோடு நின்றுவிடாமல், அந்த அம்மாவிடம் அன்றைக்கு எத்தனை படி நெல் கூலி, யார் வயல், வரப்பில் குடை பிடித்து நின்றது எவர், பாட்டில் அவரைப் பற்றி ஏதாவது வருகிறதா என்றும் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். வானமாமலையின் தோழர்கள் பேனாவும் நோட்டும் வைத்துக்கொண்டு செய்த வேலை இது. நமக்கு வசதி கூடியிருக்கிறது, காலம்தான் குறைவாக இருக்கிறது.